நாற்றத்தை ஜெனீவாவுக்குக் கொண்டுபோனவள்

பாறசாலை சந்தைக்குப் பின்பக்கச் சந்தில், ஆட்டோ நிறுத்தத்தைத் தாண்டினால் பிரேமகுமாரியின் கம்ப்யூட்டர் கடை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வருமானச் சான்றிதழ் கேட்க, கரண்ட் பில் அடைக்க என்று காலையிலிருந்தே அங்கே ஆள் நிற்கும். கேரளத்தின் தெற்கு எல்லையான எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். தெருவில் இறங்கினால் அவர்களே மலையாளமும் பேசுவார்கள். ஆனால் அரசு அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் ஒரு தாள் வந்தால் பாதிப்பேருக்கு அதை நேராகப் பிடித்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுதான். பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தாளோடு பிரேமகுமாரியைத் தேடி வருவார்கள்.

அவள் புளியறவிளைக்காரி. பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில், வயல் முடிந்து ரப்பர் தொடங்கும் சரிவில் இருக்கிற சின்னக் குடியிருப்பு அது. அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். பத்தாம் வகுப்புவரை அவள் தமிழ் வழியில் படித்தாள். பிறகு நெய்யாற்றின்கரையில் டைப்ரைட்டிங் படிக்கப் போனபோது அங்கே தமிழ் மெஷின் இல்லை. மலையாள மெஷினில் உட்கார வைத்தார்கள். எழுத்துகளின் அர்த்தம் தலையில் ஏறும் முன்பே விரல்களுக்கு அவை பழகிவிட்டன. பத்து வருஷத்தில் அவள் எழுதும் மலையாள மனுவை வக்கீல் குமாஸ்தாக்களே பாராட்டும் அளவுக்குத் தேறினாள். புருஷன் சோமன் உதியன்குளங்கரையில் வெல்டிங் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தைந்து வயதுவரை ஊர் வாயில் விழும்படி அவள் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை.

அப்புறம் கோழிக்கழிவு வந்தது.

கிருஷ்ணன்குட்டி என்ற வெளியூர்க்காரர் புளியறவிளையின் மேல்புறத்தில் பழைய முந்திரி ஆலைக் கட்டிடத்தை வாங்கினார். சுற்றுவட்டாரத்துக் கோழிக்கடைகளில் வெட்டி எறிகிற குடலையும் இறகையும் தலையையும் லாரியில் கொண்டுவந்து வேகவைத்துப் பொடியாக்கி நாய்த்தீனிக்கும் மீன்தீனிக்கும் அனுப்புகிற ஆலை. அனுமதிக்கு முன்னால் ஊர்மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் ஒரு கூட்டம் போட்டார்கள். அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் ஒட்டப்பட்டது. கூட்டத்தில் ஓர் அதிகாரி மலையாளத்தில், அதுவும் புத்தக மலையாளத்தில், கண்ணாடியைக் கழற்றாமல் நெடுநேரம் வாசித்தார். வந்தவர்களுக்குச் சாயாவும் பழம்பொரியும் கிடைத்தன. வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்; போட்டார்கள். அன்றைக்குப் பிரேமகுமாரி மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். மறுநாள் அவளிடம் வந்து, "நம்ம ஊருக்கு ஏதோ ஃபேக்டரி வருதாம், வேலை கிடைக்குமாம்" என்று சந்தோஷமாகச் சொன்னது அடுத்த வீட்டு புஷ்பபாய்தான். அந்தக் கையெழுத்துகளின் கீழே, யாரும் எதிர்க்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆலை ஓடத் தொடங்கிய வாரமே நாற்றம் இறங்கியது. அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். செத்த எலியின் நாற்றம் ஓர் இடத்திலிருந்து வரும்; நகர்ந்தால் போய்விடும். இது வெந்த நாற்றம். கொழுப்பும் இறகும் சேர்ந்து வெந்து, ஆவியாகி, துணியிலும் தலைமுடியிலும் படிகிற நாற்றம். கொடியில் காய்ந்த சேலையை உடுத்தால் உடம்பே அழுகியதுபோல இருக்கும். பின்னாலேயே ஈ வந்தது. சோற்றை மூடி வைத்துவிட்டு, ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் உருட்டித் தின்றார்கள். புஷ்பபாயின் கிணற்றில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. அவள் முந்திரி ஆலையில் பல வருஷம் கொட்டை தல்லி உடைத்துக் கைகள் கறுத்துப்போன பெண். எளிதில் முகம் சுளிக்கிறவள் இல்லை. அவளே ஒருநாள் பிரேமகுமாரியின் கடை வாசலில் வந்து நின்று அழுதாள்.

"பிரேமே, நேத்து எனக்க பேத்திக்கு வாயில கொண்டுபோன சோத்துல ஈ இருந்துது. அது முழுங்கிட்டு. நான் பாத்துட்டுத்தான் நின்னேன், கை எட்டல்ல. நாம மனுஷனா, இல்ல அந்த லாரியில வாறதுல ஒண்ணா?"

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்த பிரேமகுமாரி எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். மறுநாள் மனு எழுதினாள். தமிழில்.

தமிழில் எழுதியது வேண்டுமென்றேதான். எந்த மொழியிலும் அரசிடம் குறை சொல்லலாம் என்று அரசியல் சாசனத்திலேயே இருப்பது கடைக்கு வரும் வக்கீல்கள் மூலம் அவளுக்குத் தெரியும். புளியறவிளைக்காரர்கள் தாங்களே வாசித்து, தாங்களே புரிந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்தாள். புரியாமல் போட்ட கையெழுத்துதானே இந்த நாற்றத்தைக் கொண்டுவந்தது. ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டது. பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவை வாங்கிய ஊழியர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மலையாளம் நன்றாகத் தெரிந்தவள் ஏன் தமிழில் எழுதினாள் என்று கேட்டார்.

"சேச்சிக்கு மலையாளம் நல்லோணம் அறியாமல்லோ. பின்னெ எந்தினா ஈ தமிழ்?"

"எனக்குத் தெரியும் சார். ஒப்புப் போட்டவங்களுக்குத் தெரியாது."

அவர் மனுவின் மூலையில் 'மலையாளத்தில் தரவும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த அலுவலகத்திலும் அதுவே நடந்தது. மாவட்டத் தலைமையிடத்துக்குத் தபாலில் போனதும் அதே குறிப்போடு வந்தது. இதற்குள் மழைக்காலம் வந்து ஆலையின் கழிவுநீர் வயலுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் அவளே உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினாள். அழகாக, பிழையில்லாமல், சட்டப் பிரிவுகளோடு எழுதினாள். அதை வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதோடு சரி.

ஈஸ்வர் அந்தச் சமயத்தில்தான் வந்தார். திருவனந்தபுரத்தில் 'மொழியுரிமை அரங்கு' என்ற அமைப்பை நடத்துகிற வக்கீல். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த சைவக் குடும்பம். தாத்தா அரண்மனையில் கணக்கு எழுதியவர். முப்பத்தெட்டு வயது, கதர்ச்சட்டை, மெதுவான குரல். ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் காரில் வந்தார். புளியறவிளையில் இறங்கியதும் கைக்குட்டையை மூக்கில் வைத்தவர், புஷ்பபாயைப் பார்த்ததும் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிரேமகுமாரிக்கு அது பிடித்திருந்தது.

"இது மாசுப் பிரச்சினை மட்டுமில்லை அக்கா. மொழிச் சிறுபான்மையினரோட உரிமைப் பிரச்சினை. உங்களுக்குத் தெரியாத மொழியில உங்க சம்மதத்தை எடுத்திருக்காங்க. இங்க எவனும் கேக்க மாட்டான். ஐ.நா.வுக்குக் கொண்டுபோவோம்."

சிறுபான்மையினருக்கென்று ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்தில் சிறப்பு அறிக்கையாளர் ஒருவர் உண்டு என்றும், புகார் சரியென்று பட்டால் அவர் அரசுக்கே கடிதம் எழுதி விளக்கம் கேட்பார் என்றும் அவர்தான் சொன்னார். பிரேமகுமாரி விவரங்களை எல்லாம் சேர்த்துக் கொடுத்தாள். ஈஸ்வர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். சில மாதங்களில் உண்மையாகவே கடிதம் போனது. ஜெனீவாவிலிருந்து அரசுக்குப் போன கடிதத்தில் 'புளியறவிளை' என்ற பெயர் ஆங்கில எழுத்தில் இருந்ததைப் பிரேமகுமாரி கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டினாள். சோமன் ஊருக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். ஈ மொய்ப்பதற்குள் தின்று தீர்த்தார்கள்.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. லாரிகள் வந்துகொண்டிருந்தன. அரசு பதில் சொல்லிற்றா என்று கேட்டால் ஈஸ்வர், "அதெல்லாம் மெதுவாத்தான் வரும் அக்கா, நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்" என்பார். ஒரு வருஷம் அப்படிப் போனது. நவம்பரில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். ஜெனீவாவில் சிறுபான்மையினர் பிரச்சினைகளுக்கான மாநாடு. பாதிக்கப்பட்டவரே பேசினால்தான் எடுபடும். பயணச் செலவு அமைப்பினுடையது.

சோமன், "போயிட்டு வா பிள்ளே. நீ சொன்னா கேப்பாங்க" என்றார். புஷ்பபாய் மட்டும், "அங்க போய் நாத்தத்த எங்ஙன காட்டுவ? படத்துல நாறாதே" என்றாள்.

ஜெனீவாவில் இறங்கியபோது காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூச்சை இழுத்துவிட்டு, ஊரை நாற்றத்தில் விட்டுவிட்டுத் தான் மட்டும் இதைச் சுவாசிக்கிறோமே என்று அவள் வெட்கப்பட்டாள். அன்று மாலையே அந்தச் சுத்தமும் கெடத் தொடங்கியது. மாநாட்டுக்கு முந்தைய நாள், மாநாட்டு மண்டபத்துக்குப் பக்கத்து அறை ஒன்றில் ஈஸ்வரின் அமைப்பு நடத்திய சிறு நிகழ்ச்சி. பட்டுச்சேலை உடுத்தி வரச் சொல்லியிருந்தார். தலையில் பூ வைக்கவும் சொன்னார். பூவை அவரே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். சுவரில் திரை. திரையில் புஷ்பபாயின் கறுத்த உள்ளங்கைகள் ஆளுயரத்துக்கு. கீழே ஆங்கிலத்தில், 'மௌனமாக்கப்பட்ட தாய்மொழி'. ஆலை இல்லை. லாரி இல்லை. கிணறு இல்லை.

"சார், அந்தக் கை முந்திரிக் கறையாக்கும். இதுக்கும் மொழிக்கும் என்ன?" என்று காதருகே கேட்டாள்.

"அது ஒரு குறியீடு அக்கா" என்றார் ஈஸ்வர். பிறகு ஒலிபெருக்கியில், பிரேமகுமாரி இப்போது தன் தாய்மொழியில் ஒரு தாலாட்டுப் பாடுவார் என்று அறிவித்தார்.

முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது முப்பது வெள்ளை முகங்கள் கனிந்துபோய் அவளைப் பார்த்தன. பிள்ளை பெறாத பெண்ணிடம் தாலாட்டுப் பாடச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஈஸ்வருக்குத் தெரியும். அவள் எழுந்து இரண்டு வரி பாடினாள். குரல் எங்கோ கீழே போய்விட்டது. அவர்கள் நெகிழ்ந்து கைதட்டினார்கள். குரலில் ஏதோ அழுக்கு ஒட்டிக்கொண்டதுபோல அவளுக்கு இருந்தது. கழிப்பறைக்குப் போய்த் தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது நடைபாதையில் ஈஸ்வர் ஓர் இளம்பெண்ணோடு நின்றிருந்தார். அறிக்கையாளரின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பிரேமகுமாரியின் ஆங்கிலம் கடை ஆங்கிலம்தான், ஆனாலும் கேட்டுவிட்டாள். எங்கள் கடிதத்துக்கு அரசு எப்போது பதில் சொல்லும்?

அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். "பதில் மார்ச் மாதமே வந்துவிட்டதே. இணையத்திலும் இருக்கிறது. உங்கள் தரப்பு மறுப்பைக் கேட்டிருந்தோம். எதுவும் வரவில்லை."

ஈஸ்வர் சிரித்தபடி ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினார்.

ஓட்டல் அறையில் கட்டிலில் உட்கார்ந்து அவள் அந்தப் பதிலைப் போனில் தேடி எடுத்தாள். மேலிடத்து அலுவலர் யாரோ சிரத்தையாக எழுதியிருந்தார். புளியறவிளை மக்கள் அனைவருக்கும் மலையாளம் நன்றாகத் தெரியும். மொழித்தடை என்பது கற்பனை. ஆதாரமாக, புகார்தாரரான பிரேமகுமாரியே சரளமான மலையாளத்தில் எழுதிய மனுக்களின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

நகலைத் திறந்தாள். அவளுடைய மனுவேதான். தமிழ் மனுக்களைத் திருப்பி அனுப்பிய பிறகு அவள் உட்கார்ந்து எழுதிய அழகான, பிழையில்லாத மலையாளம். எங்களால் மூச்சுவிட முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தாள். அந்த வரியை யாரும் வாசிக்கவில்லை. அது எந்த மொழியில் இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். ஊரில் நாற்றம் அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்; இதற்கு எதைப் பொத்துவது?

காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் ஈஸ்வர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"மார்ச்சுல வந்த பதில ஏன் சார் சொல்லல்ல?"

அவர் மறுக்கவில்லை. "அக்கா, இதுல ஒரு முறை இருக்கு. நாம உடனே மறுப்பு அனுப்பினா, ஒண்ணு அவங்க ஏத்துப்பாங்க, இல்ல கைவிடுவாங்க. ரெண்டுலயும் கேஸ் முடிஞ்சிரும். திறந்திருக்கிற கேஸுக்குத்தான் மதிப்பு. அடுத்த வருஷ அறிக்கையிலயும் புளியறவிளையைச் சேக்கலாம். உங்க ஊருக்குத்தானே பேரு?"

"எனக்க ஊர்ல பிள்ளைங்க ஈய முழுங்குது."

"புரியுது அக்கா. ஆனா நீங்க பெரிய படத்தைப் பாக்கணும்."

பிரேமகுமாரி வாழ்க்கையில் ஒருபோதும் படித்தவர்களிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"எலே" என்றாள். "அந்தக் கிருஷ்ணன்குட்டி கோழிக்க குடல வேவிச்சு விக்கான். நீ எங்கள வேவிச்சு விக்க. அவன் மூக்க மூடிட்டு வாறவன் இல்ல, அது ஒண்ணுதான் வித்தியாசம்."

எழுந்து போய்விட்டாள்.

அன்று பிற்பகல் பெரிய மண்டபத்தில் அவள் முறை வந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம். ஈஸ்வர் கொடுத்த உரை, தாய்மொழி என்பது எங்கள் மூச்சு என்று தொடங்கியது. அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டாள். தமிழில் பேசலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அங்கே மொழிபெயர்க்கிற மொழிகளில் தமிழ் கிடையாது. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு ஆலை இருக்கிறது. எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் சம்மதம் வாங்கினார்கள். தமிழில் புகார் கொடுத்தோம், திருப்பி அனுப்பினார்கள். மலையாளத்தில் கொடுத்தோம், அதையே எங்களுக்கு எதிரான சாட்சியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் சாப்பிடும்போது...

ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. நேரம் முடிந்துவிட்டது. தலைவர் நன்றி சொல்லி அடுத்த பெயரை வாசித்தார். அடுத்து எழுந்தவர் ஏதோ மலைநாட்டுக் கிழவர். அவருடைய ஊரில் கல்லறைகளை இடித்துவிட்டார்களாம். அவருக்கும் இரண்டு நிமிடம். அவருக்கும் விளக்கு அணைந்தது. அதற்கடுத்தவருக்கும் அணைந்தது. மாலைவரை அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள்.

கிளம்பும் முன் நடைபாதையில் அந்த இளம்பெண்ணைத் தேடிப் பிடித்து ஒன்று மட்டும் கேட்டாள். "மறுப்பை நானே அனுப்பலாமா?"

"நிச்சயமாக. அதற்கு எந்த அமைப்பும் தேவையில்லை."

ஊருக்கு வந்ததும் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தாள். 'மலையாளத்தில் தரவும்' என்று மூலையில் எழுதப்பட்டுத் திரும்பி வந்த தமிழ் மனுக்களை ஸ்கேன் செய்தாள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவர்களைக் கூப்பிட்டு, அந்த மலையாள அறிவிப்பைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் திணறுவதை வீடியோ எடுத்தாள். அதை எடுக்கும்போது அவளுக்குத் தங்கள் அறியாமையைக் காட்டிப் பிச்சை கேட்பதுபோல இருந்தது. புஷ்பபாய் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "போதுமாடி, இன்னும் நாணம் கெடணுமா?" என்று கேட்டாள். பிரேமகுமாரி வீடியோவை நிறுத்தினாள். எல்லாவற்றையும் தன் பெயரிலேயே அனுப்பினாள்.

ஜெனீவாவிலிருந்து இரண்டாவது கடிதம் அரசுக்குப் போனது. அதனால்தானா, இல்லை ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வந்ததாலா, யாருக்கும் தெரியாது. மறுபடி மக்கள் கூட்டம் என்று அறிவித்தார்கள். இந்த முறை அறிவிப்பு இரண்டு மொழியிலும் வந்தது. தமிழில் இருந்ததில் வரிக்கு ஒரு பிழை. கூட்டத்தில் அதிகாரி வாசிக்கத் தொடங்கியதும் பிரேமகுமாரி எழுந்து, தமிழில் சொல்லாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றாள். அரைமணி நேரம் அவர்கள் ஆளைத் தேடினார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தமிழ் வாத்தியாரை அழைத்துவந்து வாசிக்கச் செய்தார்கள். ஆலையில் என்ன வேகிறது, எவ்வளவு வேகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்பதை புளியறவிளை முதல்முறையாகக் கேட்டது. கேட்ட பிறகு சாயா குடிக்க யாரும் எழவில்லை. புஷ்பபாய் ஒரு குப்பியில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"குடிச்சிட்டு எழுதுங்க சாரே. ஒரு மடக்கு போதும்."

அவர் குப்பியைத் திறக்கவில்லை. ஒரு விரலால் மேசை விளிம்புக்குத் தள்ளினார். அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. ஓணத்துக்கு முன்பே லாரிகள் நின்றன.

ஈஸ்வரின் அமைப்பு அந்த வருஷ அறிக்கையின் அட்டையில் பட்டுச்சேலையும் பூவுமாகப் பிரேமகுமாரியின் படத்தைப் போட்டு, தங்கள் முயற்சியால் கிடைத்த வெற்றி என்று எழுதியது. அவர் அதில் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பி, போனிலும் கூப்பிட்டார். அடுத்த மாநாட்டுக்கு வர முடியுமா?

"எனக்க படத்த எடுத்து மாத்துங்க. இல்லேன்னா உங்களப் பத்தியும் ஜெனீவாவுக்கு எழுதுவேன். வழி தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நல்ல கதை. கிருஷ்ணன்குட்டி ஆலையை மூடவில்லை; மாற்றினார். களியக்காவிளையைத் தாண்டி, எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில், ஒரு வாழைத்தோட்டத்தின் நடுவில் அதே கொப்பரைகளை இறக்கினார். அங்கே எல்லாமே தமிழில் நடந்தது. அறிவிப்பு பிழையில்லாத தமிழில் ஒட்டப்பட்டது. அதை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் எதிர்த்தும் பேசினார்கள். அனுமதி கிடைத்துவிட்டது.

போன மாதம் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் ஆட்டோ பிடித்துப் பிரேமகுமாரியின் கடைக்கு வந்தார்கள். ஜெனீவாவுக்கு எழுத வேண்டுமாம்.

"என்னன்னு எழுதுவேன்?" என்று அவள் கேட்டாள். "நீங்க அங்க சிறுபான்மையில்ல."

"மனுஷன்னு எழுதப்பிடாதா அக்கா?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. அவள் சேலையிலிருந்து அந்த வெந்த நாற்றம் வந்தது. பிரேமகுமாரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர்களை உட்காரச் சொன்னாள். வேறு எந்த அறிக்கையாளர் இதைக் கேட்பார் என்று கம்ப்யூட்டரில் தேடத் தொடங்கினாள். கழிவுக்கும் நச்சுக்கும் ஒருவர் உண்டு, தண்ணீருக்கு ஒருவர் உண்டு, உணவுக்கு ஒருவர் உண்டு. ஒவ்வொரு பெயரையும் வாசித்தபோது அவளுக்கு அந்தச் சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது. இருந்தாலும் ஒன்றைத் திறந்தாள். ஊர்ப்பெயரைக் கேட்டுத் தட்டினாள்.